அந்த 2ஏபி எங்கே போச்சு?

2012 ஜூலை 12ஆம் தேதி தமிழ்நாட்டில் வாத்தியார் வேலைக்கு ஆசைப்பட்டவர்கள் ஒரே நாளில் உட்கார்ந்து ஒட்டுமொத்தமாகப் பெயிலானார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு என்பது காகிதத்தில் உள்ள பெயர். ‘டெட்’ என்றால்தான் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் டீக்கடை வரைக்கும் புரியும். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். இருநூற்றைம்பது பேருக்கு ஒருவர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஆள் குறைகிறது.

அதுவரை உலக வழக்கம் வேறு. வாத்தியார் கேள்வித்தாள் கொடுப்பார், பையன் பெயிலாவான், அப்பன் விளக்குமாற்றைத் தேடுவான். தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக நடந்துவந்த இந்த ஏற்பாட்டை ஒரே காலைப்பொழுதில் தலைகீழாக்கிவிட்டார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் காட்டிய மரியாதை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. “சார், நீங்க எத்தனை மார்க்கு?” என்று முன்பெஞ்சுக்காரன் பணிவாகக் கேட்பான். அந்தப் பணிவுக்கு ஒரு அறை கொடுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தாயிற்று. அதே சட்டம்தான் இந்தப் பரீட்சையையும் கொண்டுவந்தது: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம். பையனுக்கு ஒரு பாதுகாப்பு, வாத்தியாருக்கு ஒரு பரீட்சை என்று பங்கு பிரித்துக் கொடுத்த சட்டம்.

அந்த ஜூலைத் தேர்வில் 150 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். கேள்விக்கு 36 விநாடி. அதற்குள் கேள்வியைப் படித்து, இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து, அப்பாவின் வயதுக்கு எக்ஸ் என்று வைக்கலாமா மகனின் வயதுக்கு வைக்கலாமா என்று தடுமாறி, வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டவே அத்தனை நேரம் ஆகும். கூச்சல் கிளம்பியது. அக்டோபரில் மறுதேர்வு வைத்து, நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். பத்தொன்பதாயிரம் சொச்சம் பேர் தேறினார்கள். நேரத்தை இரண்டால் பெருக்கினால் தகுதி ஏறக்குறைய எட்டால் பெருகும் என்று இதிலிருந்து ஒரு தேற்றம் கிடைக்கிறது. எந்தப் பாடநூலிலும் இன்னும் அது சேர்க்கப்படவில்லை.

நான் சொல்லவந்தது இதுதான்: இந்தப் பரீட்சையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய காலத்துக்குப் போனால், கணக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய ஆட்கள் பாதிப்பேரை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டியிருக்கும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிலிருந்து தொடங்கலாம். மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தவர். எண்சுவடியைக் கத்தி மனப்பாடம் செய்ய வைத்தவர். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். சொல்லாவிட்டால் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை உண்டு. பிள்ளை தொங்கிக்கொண்டே சொல்லும். இன்றைக்குக் கால்குலேட்டர் இல்லாமல் கால் கிலோ கத்தரிக்காய்க்கு விலை சொல்லத் தெரியாத நாம் அந்த வாத்தியாரைக் கொடுமைக்காரர் என்கிறோம். கொடுமைக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் பதினாறில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் பிள்ளை குழப்பிக்கொள்ளவில்லை.

அவருக்குச் சம்பளம் நெல்லும் காய்கறியும் பண்டிகைக் காணிக்கையும். குழந்தை மேம்பாட்டு உளவியல் என்று டெட் தாளில் முப்பது மார்க்குக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதில் அவருக்குச் சைபர்தான்.

அவர் வைத்திருந்த இயற்கணிதத்துக்குப் பெயர் கணக்கதிகாரம். காரி நாயனார் செய்யுளாகவே எழுதிவைத்த கணக்கு நூல். அதில் ஒரு கணக்கு பிரசித்தம். பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு, தீர்ந்தது. முள்ளை எக்ஸ் என்றும் சுளையை ஒய் என்றும் வைத்தால் அப்பட்டமான நேரியல் சமன்பாடு. ரெனே தெக்கார்த் 1637இல் எக்ஸ், ஒய் என்று போட்டு உலகத்தையே மாற்றினார் என்கிறார்கள். இங்கே முள்ளை எண்ணியே முடித்துவிட்டோம். ஒரே ஒரு குறை: கரிசல் காட்டில் பலா விளையாது. பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் விளைகிற பூமியில், பலாப்பழக் கணக்கை மனப்பாடம் செய்த பிள்ளை அந்தப் பழத்தைக் கண்ணால் பார்க்க ஒரு கல்யாணத்துக்குக் குற்றாலம் பக்கம் போயிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்குக்கும் சொந்த ஊருக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்ற கொள்கை அன்றைக்கே அமலில் இருந்திருக்கிறது.

இந்தத் திண்ணையை வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்த கதை இன்னும் வேடிக்கை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியில் பொறுப்பேற்றார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அங்கேயும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த வாத்தியார்கள் முடியாது என்றார்கள். பெல் யோசித்தார், எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டார். நம்மூரில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். காலங்காலமாக இருக்கிற ஆள். பெல் சீமைக்குத் திரும்பி 1797இல் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அவர் பெரும் பணக்காரராகச் செத்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்கப்பட்டார். சட்டாம்பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? வாத்தியார் தூங்கும்போது விசிறி வீசும் உரிமை. எட்டு வயதில் பாடம் நடத்திய அந்தப் பையனிடம் யாரும் தகுதிச் சான்று கேட்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு 1860களில் மெட்ராஸ் ராஜதானி சர்க்காருக்கு ஒரு யோசனை உதித்தது. பிள்ளை பாஸானால் பள்ளிக்குப் பணம். வாசிப்புக்கு இவ்வளவு, எழுத்துக்கு இவ்வளவு, கணக்குக்கு இவ்வளவு. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் வாத்தியாருக்கு வயிறு கலங்கும். கணக்கு நன்றாக வருகிற பையனைப் பக்கத்து ஊரிலிருந்து இரவல் வாங்கி முன்வரிசையில் உட்கார வைப்பது உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேள்வி. ஒரே பையன் மூன்று ஊரில் பாஸாகி மூன்று வாத்தியார்களைக் காப்பாற்றியிருக்கிறான் என்றால், அதைவிடப் பெரிய பெருக்கல் வாய்ப்பாடு கிடையாது.

எட்டயபுரத்துக்கு வருவோம். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் உட்கார்ந்து நிமிர்வதற்குள் வந்துவிடும். 1882 டிசம்பரில் அங்கே சின்னச்சாமி அய்யருக்கு ஒரு பையன் பிறந்தான். அய்யருக்குக் கணக்கும் இயந்திரமும் உயிர். பையனும் கணக்குப் படித்து எந்திரம் செய்து முன்னுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். கணக்குப் போடச் சொன்னால் பையன் ‘கணக்கு’ என்ற சொல்லுக்கு எதுகை தேடிக்கொண்டே போய் ஆமணக்கில் நின்றான் என்று ஒரு கதை உண்டு. ஆமணக்கு எங்கள் கரிசலில் நன்றாக வளரும் செடி. அதனால் கதையை நம்பலாம். திருநெல்வேலிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு அவனைத் துரத்தியது. கடைசியில் கணக்குத் தெரிந்த அப்பா எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து நொடித்துப் போனார். கணக்குத் தெரியாத மகன் பாரதியானான். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் வாத்தியார் வேலையும் பார்த்தான். தமிழ் வாத்தியார்தான். கணக்கு வகுப்பைக் கொடுக்காமல் விட்ட அந்தத் தலைமையாசிரியர் எவரோ, அவருக்கு மதுரைப் பிள்ளைகள் நன்றி சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கு எழுத்து வந்த அளவு கணக்கு வரவில்லை என்பது மறைக்க முடியாத உண்மை. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமிக்கு 1970இல் சாகித்ய அகாதெமி விருது. அதே இடைசெவலின் கி. ராஜநாராயணனுக்கு 1991இல். பூமணிக்கு 2014இல். இந்த எண்களின் வரிசையைக் கொடுத்து அடுத்த உறுப்பைக் கண்டுபிடி என்று ஒரு கணக்கு வாத்தியாரைக் கேட்டிருந்தால், முதல் வித்தியாசம் 21, அடுத்தது 23, ஆகவே அடுத்தது 25, விடை 2039 என்று சாக்பீஸைத் தட்டியிருப்பார். உருளைக்குடி சோ. தர்மன் 2019இலேயே வாங்கிவிட்டார். கரிசலில் கணக்கு தப்புகிற விதம் இது.

கி.ரா.வின் படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கம் மழைக்கு ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையைத்தான் பார்த்ததாகவும் அவரே சொல்லிச் சிரிப்பார். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு வருகைதரு பேராசிரியராக உட்கார வைத்தது. ஒன்றாம் வகுப்புக்கு வாத்தியாராக வேண்டுமென்றால் விடமாட்டார்கள். பல்கலைக்கழகம் என்றால் பரவாயில்லை. நம் தகுதி விதிகளில் மேலே போகப் போகக் கதவு அகலமாகிறது.

கணக்கு டியூஷன் எடுக்க லாயக்கில்லாதவர் என்று தமிழ்நாட்டில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டவர் சீனிவாச ராமானுஜன். கும்பகோணத்தில் கணக்கையே பார்த்துக்கொண்டு மற்றதை விட்டதால் உதவித்தொகை போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. பரீட்சையில் 1906இலும் 1907இலும் தவறினார். கையில் பட்டம் இல்லை, வயிற்றுக்குச் சோறு வேண்டும். படித்து வேலை கிடைக்காத எந்தத் தமிழனும் செய்வதை அவரும் செய்தார்: டியூஷன். பிள்ளைகள் ஒரு கணக்குக் கேட்டால் அதை நாலைந்து வழியில் போட்டுக் காட்டுவாராம். பிறகு பாடத்திட்டத்தை விட்டு முடிவிலிக்குப் போய்விடுவார். பிள்ளைக்குத் தேவை பாஸ் மார்க்கு. முடிவிலியை வைத்து அவன் என்ன செய்வான்? டியூஷன் படுத்துவிட்டது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கிளார்க்காகச் சேர்ந்தார். 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவரைவிட்டு ஓடிய டியூஷன் பிள்ளைகள் பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஆசை. “அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதுப்பா” என்றே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த ராமானுஜனை உருவாக்கிய புத்தகம் எது? ஒரு டியூஷன் வாத்தியாரின் நோட்ஸ். இதை நம் ஊர் டியூஷன் சென்டர்கள் போர்டில் எழுதி வைக்க வேண்டும். ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் லண்டனில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர். வருஷக்கணக்கில் பாடம் நடத்திச் சேர்த்த குறிப்புகளை, சுமார் ஐயாயிரம் சூத்திரங்களை, விளக்கம் அதிகம் இல்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் புத்தகமாக்கினார். அது எப்படியோ கும்பகோணம் வந்து பதினாறு வயது ராமானுஜன் கையில் மாட்டியது. விளக்கம் இல்லாததால் ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க வேண்டியதாயிற்று. கெட்ட கைடுக்கு இப்படியும் ஒரு பலன்.

அதைவிட எனக்குப் பிடித்தது காரின் சொந்தக் கதை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதருக்குப் பட்டம் இல்லை. நாற்பதை நெருங்கும் வயதில் கேம்பிரிட்ஜில் மாணவனாகச் சேர்ந்தார். 1880இல், நாற்பதைத் தாண்டியபின், பரீட்சை எழுதித் தேறினார். முதல் வகுப்பு கிடைக்கவில்லை. இரண்டாம் வரிசையில் பன்னிரண்டாம் இடம். மீசை அரும்பாத பையன்கள் முன்னால் போனார்கள். வேலையில் சேர்ந்தபிறகு தகுதி தேடிப் போன கணக்கு வாத்தியார் என்ற இனத்துக்கு அவரைக் குலதெய்வமாக வைத்துக் கிடா வெட்டலாம்.

பிரான்ஸில் எவரிஸ்த் கலோவா என்று ஒரு பையன். பெரிய கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தவறியவன். கேள்வி கேட்டவர் முகத்தில் கரும்பலகை அழிக்கும் டஸ்டரை எறிந்தான் என்று ஒரு வதந்தி உண்டு. டெட் எழுதிய எவரும் அதை நம்புவார்கள். 1831 ஜனவரியில் பாரிஸில் ஒரு புத்தகக் கடையில் இயற்கணித வகுப்பு ஆரம்பித்தான். முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். அப்புறம் வகுப்பு தேய்ந்து நின்றுபோனது. சமன் குறியை 1557இல் உலகுக்குக் கொடுத்த ராபர்ட் ரெக்கார்ட் அடுத்த வருஷமே கடன் கட்ட முடியாமல் சிறையில் செத்தார். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று சொன்னவருக்கு வரவும் செலவும் சமமாகவில்லை. ஆக மொத்தம், இயற்கணிதத்தால் வாழ்ந்தவர்களைவிட அதைச் சொல்லிக்கொடுத்துக் கெட்டவர்கள் வரிசை நீளம்.

நம் காலத்துக்கு வருகிறேன். பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்று இரண்டு இருந்தன. அல்ஜீப்ராவைக் கண்டு நடுங்கியவர்கள் ஜெனரலுக்கு ஓடிவிடுவார்கள். ஓடியவர்களில் பலர் வாத்தியார் பயிற்சிக்குப் போனார்கள். அவர்களிடம் படித்தவர்களும் வாத்தியார் ஆனார்கள். பயமும் பாடத்தோடு சேர்ந்து கைமாறி வந்தது. நாங்கள் படிக்கும்போது “ஏன் சார் மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ்?” என்று கேட்டவனுக்குக் கிடைத்த விடை பிரம்பு. விடை சரியா தப்பா என்று விவாதிக்க இடமில்லாத விடை.

இப்போது அந்த 2ஏபி விஷயம். ஏ கூட்டல் பி, மொத்தத்துக்கும் வர்க்கம். ஏ ஸ்கொயர், பி ஸ்கொயர் என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் தமிழ்நாட்டில் பெரும்பான்மை. நடுவில் இருக்கிற 2ஏபி யார் கண்ணிலும் படுவதில்லை. இதைக் கோவில்பட்டியில் விளக்குவது சுலபம். தீப்பெட்டி ஆபீஸில் ஒரு குரோசு என்றால் 144 பெட்டி, பன்னிரண்டின் வர்க்கம். பன்னிரண்டைப் பத்து, இரண்டு என்று பிரியுங்கள். பத்துக்கு வர்க்கம் நூறு, இரண்டுக்கு வர்க்கம் நாலு. 104தான் வருகிறது. நாற்பது பெட்டியைக் காணோம்! அந்த நாற்பதுதான் 2ஏபி. வீட்டில் பெட்டி ஒட்டுகிற எந்த அக்காவிடமாவது போய் 104ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு குரோசு என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடமே போகாத அந்த அக்கா அல்ஜீப்ராவை நடுத்தெருவில் வைத்துக் கற்பிக்கும். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் நாற்பது பெட்டியை விட்டுவிட்டு வருகிறான்.

பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் விடிகாலையில் ஏறிப்போன பிள்ளைகள் ஒரு தலைமுறை இங்கே உண்டு. அதைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை. குரோசுக்கு இவ்வளவு கூலி என்று அவர்கள் போட்ட மனக்கணக்கு யாரும் மார்க்குப் போடாத கணக்கு.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே வேலையில் இருக்கிற வாத்தியார்களும் டெட் எழுதித் தேற வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருஷக் கெடு. தேறாவிட்டால் வேலை இல்லை. ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் எழுதாமல் காலத்தைத் தள்ளலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் லட்சத்துக்கு மேற்பட்ட வாத்தியார்கள் அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து பிள்ளைகளின் பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடினார்கள்.

இங்கேதான் கரிசலின் பழைய கணக்கு ஒன்று திரும்பி வந்து கடித்தது. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைக்குப் பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொட்டவுடன் தலைமை வாத்தியார் கணக்குப் போட்டு, மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். ஊரே ஜூனில் பிறந்த ஊர். அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு, பன்னிரண்டு வருஷம் கழித்து இரண்டு மடங்கு, மகனுக்கு வயது என்ன என்று பாடநூல் கேட்கும். பன்னிரண்டு என்பது பாடநூலின் விடை. வாத்தியார் போட்டதுதான் வயது என்பது கரிசலின் விடை. அந்தத் தலைமை வாத்தியார் அன்றைக்குப் பேனா மை தொட்டு ஒரு வருஷம் கூட்டி எழுதியிருந்தால் இன்றைக்கு ஒரு ஆள் அல்ஜீப்ராவிலிருந்து தப்பியிருப்பார். குறைத்து எழுதியதால் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு “பையன் ஒரு வருஷம் சேர்த்து வேலை பார்க்கட்டுமே” என்று நல்லெண்ணத்தில் குறைத்தது.

அப்படி மாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். கம்மங்காட்டு நடுவே ஓட்டுக் கட்டடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆளாக இருந்தவர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலையும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஏற்றிவிட்டவர். தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கு, முட்டைக் கணக்கு எல்லாம் போட்டவர். அல்ஜீப்ராவை மட்டும் அவர் கடைசியாகப் பார்த்தது எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது. கோவில்பட்டியில் தகுதித் தேர்வு கோச்சிங் நடத்துகிற ஒரு தம்பியிடம் போய்ச் சேர்ந்தார். தம்பி அவரிடமே ஒன்றாம் வகுப்பு படித்தவன். முதல் நாள் சார் பின்பெஞ்சில் உட்கார்ந்தார்.

“சார், நீங்க முன்னாடி வாங்க.”

“இல்லப்பா, இங்கேயே காத்து நல்லா வருது.”

தம்பி போர்டில் கணக்கை எழுதி, சாரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னான். சார் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் பழகிய கை. ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதிச் சாக்பீஸை வைத்தார்.

“சார்… அந்த 2ஏபி எங்கே போச்சு?”

சார் போர்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “ஏய்யா, ஒண்ணாப்புல நீ பதினேழை விட்டுட்டுப் பதினாறுக்கு அப்புறம் பதினெட்டுன்னு சொல்லுவியே, அப்ப நான் இப்படி நாலு பேர் முன்னாடி கேட்டேனா?”

“கேட்டீங்க சார். முட்டி போட வச்சிக் கேட்டீங்க.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சார்தான் அதிகமாகச் சிரித்தார். அதன்பிறகு முன்பெஞ்சுக்கு வந்துவிட்டார். காரணிப்படுத்துதலில் ஒரு வாரம் சிக்கிக் கிடந்தார். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஐந்து எக்ஸ் பிளஸ் ஆறு என்றால், கூட்டினால் ஐந்தும் பெருக்கினால் ஆறும் வர வேண்டும் என்பது பிடிபட்டபோது, இதைத்தானே ரெண்டு ஆட்டுக்காரனுக்குப் பங்கு பிரிக்கிறபோது செய்தேன் என்று சத்தமாகச் சொன்னார். மைனஸ் வந்ததும் மறுபடி தொலைந்தார். வீட்டில் பத்தாவது படிக்கிற பேத்தி மாலையில் நோட்டைத் திருத்துகிறாள். தப்புக்குச் சிவப்பு மையில் சுழிக்கிறாள். ‘நன்றாக முயல்க’ என்று தாத்தாவின் பழைய வாசகத்தையே எழுதிவைக்கிறாள். வீட்டம்மா மட்டும் பொறுக்காமல், “ஏங்க, இந்த எக்ஸு யாருன்னு கண்டுபிடிச்சாத்தான் சம்பளம் போடுவாங்களாக்கும்?” என்று கேட்டார். அதற்குச் சார் மட்டுமில்லை, நாட்டில் யாரும் விடை சொல்லவில்லை.

எனக்கு இந்தத் தேர்வின் மேல் கோபம் இல்லை. கணக்குத் தெரியாதவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ஏன் பிளஸ் என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. ஆனால் வேலைக்கு எடுக்கும்போது கேட்காத கேள்வியை ரிட்டயராகிற வாசலில் நிறுத்திக் கேட்பது, சினிமா முடிந்து வெளியே வருகிறவனிடம் டிக்கெட் கேட்கிற காரியம். மாலைக் கல்விக்கு இல்லம் தேடிக் கல்வி என்று 2021இல் கிளம்பிய திட்டத்தில் ப்ளஸ் டூ முடித்த பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்து மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்கள் தெருத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்து அருமையாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே தகுதிக்கு அளவுகோல், பிள்ளை மறுநாள் வருகிறதா என்பது. ராமானுஜன் அதிலும் பெயில்தான்.

கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்தில் ஓய்வாக இருக்கிற கணக்கு வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவில் நரைத்த தலையோடு ஒரு ஆள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மறைத்து மறைத்துப் படித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்குங்கள். டீச் செலவு அவருடையது. பிரம்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.